நங்கநல்லூர் டு நீச்சல் குளம்: சென்னையில் ‘லேப்ஸ்’ அடிக்க எங்கே போவது?

“முட்டி தேய ஆரம்பிச்சிருக்கு. ஓடுறதை நிறுத்துங்க. முடிஞ்சா நீச்சல் போங்க.” முப்பது வயதைத் தாண்டிய பல ஐடி ஊழியர்கள் டாக்டரிடம் கேட்கும் வரி இது. சொல்வது சுலபம். நங்கநல்லூர் மாதிரி ஒரு ஏரியாவில் இருந்துகொண்டு அதைச் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி.

நங்கநல்லூரில் நடக்க பார்க் இருக்கிறது. தெருவுக்குத் தெரு ஜிம் இருக்கிறது. யோகா கிளாஸ், ஜும்பா, ஷட்டில் கோர்ட் எல்லாம் கிடைக்கும். ஆனால், கூகுள் மேப்பில் ‘ஸ்விம்மிங் பூல் நியர் மீ’ என்று தட்டிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கான கோச்சிங் சென்டர், ஓட்டல், அப்பார்ட்மென்ட், கூடவே ரிசார்ட் என்று கலவையாக ஒரு பட்டியல் வரும். அதில் பெரியவர்கள் போய், யார் மீதும் மோதாமல், அரை மணி நேரம் நேராக நீந்திவிட்டு வரக்கூடிய இடம் எது? அதை மேப் சொல்லாது.

உடற்பயிற்சிக்காக நீந்த விரும்புகிறவர்களுக்கு சென்னையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, எப்படி ஆரம்பிப்பது... எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முதலில், ‘லேப்ஸ்’ என்றால் என்ன?

குளத்தில் இறங்கி ஆட்டம் போடுவது வேறு, லேப்ஸ் அடிப்பது வேறு. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை நீந்துவது ஒரு லெங்த். அதைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் லேப் ஸ்விம்மிங். போய்த் திரும்பி வந்தால்தான் ஒரு லேப் என்று சிலர் கணக்கு வைப்பார்கள். ஒரு லெங்த்தையே லேப் என்று சொல்கிறவர்களும் உண்டு. கோச் “பத்து லேப் போடுங்க” என்றால் எந்தக் கணக்கு என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் இரண்டு மடங்கு நீந்த வேண்டிவரும்!

இதற்குக் குளத்தின் நீளம் முக்கியம். போட்டிகள் நடக்கும் ஒலிம்பிக் அளவுக் குளம் 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் கொண்டது. அதில் 20 லெங்த் நீந்தினால் ஒரு கிலோமீட்டர். 25 மீட்டர் குளம் என்றால் 40 லெங்த். அப்பார்ட்மென்ட் மாடியில் இருக்கும் 10 மீட்டர் குளம் என்றால் 100 லெங்த். அதாவது, பத்து பன்னிரண்டு தடவை கை வீசுவதற்குள் சுவர் வந்துவிடும். மூச்சும் தாளமும் செட்டாவதற்கு முன்பே திரும்ப வேண்டியிருக்கும். முந்திரிப் பருப்பு வடிவக் குளமாக இருந்தால் நேர்க்கோடே கிடையாது. அழகாக இருக்கும், போட்டோ நன்றாக வரும். பயிற்சிக்குத்தான் ஆகாது.

நீச்சல் ஏன்?

கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது உடல் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. இடுப்பளவில் நின்றால்கூட பாதி எடை குறைந்த மாதிரிதான். அதனால்தான் மூட்டு வலி, முதுகு வலி, அதிக எடை உள்ளவர்களுக்கு ஓட்டத்துக்குப் பதிலாக நீச்சலைப் பரிந்துரைக்கிறார்கள். கை, தோள், முதுகு, வயிறு, தொடை என்று எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். எட்டு மணி நேரம் லேப்டாப் முன்னால் கூன் போட்டு உட்காருகிற தோள்களுக்கு இது பெரிய ரிலீஃப்.

கலோரி கணக்கு வேண்டுமா? 70 கிலோ எடை உள்ள ஒருவர் அரை மணி நேரம் நிதானமாக ஃப்ரீ ஸ்டைல் நீந்தினால் சுமார் 200 கலோரி செலவாகும். அதே நேரம் சாதாரணமாக நடந்தால் சுமார் 120. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரம் மூன்று நாள், நாளுக்கு 50 நிமிடம் தண்ணீரில் இருந்தால் அந்தக் குறைந்தபட்சக் கணக்கு முடிந்துவிடும்.

இரண்டு விஷயங்களையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஒன்று, நீந்தி முடித்ததும் பசி பிய்த்துக்கொண்டு வரும். குளத்திலிருந்து நேராக டிபன் கடைக்குப் போய் நெய் ரோஸ்ட்டும் பொங்கலும் சாப்பிட்டால் 200 கலோரி அங்கேயே திரும்பி வந்துவிடும். இரண்டு, தண்ணீர் எடையைத் தாங்கிவிடுவதால் எலும்புகளுக்கு வேலை குறைவு. எலும்பு பலத்துக்கு நடையும், கொஞ்சம் வெயிட் பயிற்சியும் தனியாக வேண்டும்.

சரி, இடம் எங்கே?

வேளச்சேரி நீச்சல் வளாகம்: நங்கநல்லூர்வாசிகளுக்கு முதல் பதில் இதுதான். ஆதம்பாக்கம், இன்னர் ரிங் ரோடு வழியாக டூ வீலரில் காலை ஆறு மணிக்கு முன்பு கிளம்பினால் டிராஃபிக் தொல்லை இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின், அதாவது எஸ்டிஏடியின் வளாகம் இது. 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. 50 மீட்டர் போட்டிக் குளம், டைவிங் அடிப்பதற்குத் தனி ஆழக் குளம் எல்லாம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளின் நீச்சல் பந்தயங்களும் இங்கேதான் நடந்தன. லேப்ஸ் அடிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல நீளம் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. போட்டிக் குளத்தில் ஆழம் அதிகம். நடுவில் மூச்சு வாங்கினால் கால் ஊன்ற முடியாது. 50 மீட்டரை நிற்காமல் நீந்தத் தெரிந்த பிறகு இங்கே லேப்ஸுக்கு இறங்குவதுதான் பாதுகாப்பு. இன்னொன்று, போட்டிகள், தேர்வு முகாம்கள் நடக்கும் நாட்களில் பொதுமக்களுக்கு அனுமதி இருக்காது. கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நந்தனம் ஒய்எம்சிஏ: 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இருக்கும் அதே வளாகம். உள்ளே நீச்சல் குளம் இருக்கிறது. நங்கநல்லூர் ரோடு மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால் ஆலந்தூர், கிண்டி, சின்னமலை, சைதாப்பேட்டை தாண்டி நந்தனத்தில் இறங்கலாம். ரயில் மாற வேண்டியதில்லை. தி.நகர், தேனாம்பேட்டை பக்கம் ஆபீஸ் உள்ளவர்கள் காலையில் நீந்திவிட்டு அப்படியே வேலைக்குப் போக வசதி.

மெரினா நீச்சல் குளம்: காமராஜர் சாலையில், கடற்கரையை ஒட்டி மாநகராட்சி நடத்தும் குளம். சென்னையில் நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் யாரைக் கேட்டாலும் “லீவுல அங்கதான் போவோம்” என்பார்கள். சுமார் 100 மீட்டர் நீளம். ஆழம் குறைவு. நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மைனஸ் என்னவென்றால் கூட்டம். கோடை விடுமுறையில், வார இறுதியில் நேராக நீந்த வழியே இருக்காது. வார நாளில், காலை முதல் பேட்ச்தான் லேப்ஸுக்குச் சரி. பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறினால் சேப்பாக்கம் வந்துவிடலாம்.

மெரினாவிலேயே அண்ணா சதுக்கம் பக்கம் எஸ்டிஏடியின் அண்ணா நீச்சல் குளம் இருக்கிறது. பெரியமேட்டில், ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மைலேடி பூங்காவில் மாநகராட்சியின் இன்னொரு குளம் இருக்கிறது. சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். இருந்தாலும் தினமும் போய் வரும் தூரமா என்பதை நங்கநல்லூரில் இருந்து யோசித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிக் குளங்கள், தனியார் அகாடமிகள்: தென் சென்னையில் நிறைய பேர் உண்மையில் நீந்துவது இங்கேதான். பள்ளிகள் தங்கள் குளத்தை காலையிலும் மாலையிலும் தனியார் கோச்சிங் அகாடமிகளிடம் விடுகின்றன. பெரும்பாலும் 25 மீட்டர் அல்லது அதற்கும் குறைவு. ‘கோச்சிங் வேண்டாம், நீந்த மட்டும்தான் வருவேன்’ என்று சொல்லி மாதக் கட்டணம் கேளுங்கள். பல இடங்களில் ‘பிராக்டிஸ் பேட்ச்’ என்று ஒன்று இருக்கும். போர்டில் எழுதியிருக்க மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

ஓட்டல்கள், கிளப்புகள்: மெட்ராஸ் ஜிம்கானா கிளப் 1884-ல் தொடங்கியது. அது மாதிரியான பழைய கிளப்புகளின் குளங்கள் உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்துவரும் விருந்தினர்களுக்கும் மட்டும். நட்சத்திர ஓட்டல்கள் சில ஹெல்த் கிளப் மெம்பர்ஷிப் தருகின்றன. தண்ணீர் சுத்தம், கூட்டமும் இல்லை. ஆனால் செலவு அதிகம். பணம் கட்டும் முன் நீளத்தைக் கேளுங்கள். கடல் பார்த்த குளம் என்பதெல்லாம் லேப்ஸ் அடிக்க உதவாது.

அப்பார்ட்மென்ட் குளம் மட்டும்தான் இருக்கிறதா?

மனம் தளர வேண்டாம். தூரக் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்குக்கு மாறுங்கள். 30 நொடி நீச்சல், 15 நொடி ஓய்வு என்று 20 நிமிடம். கிக் போர்டைப் பிடித்துக்கொண்டு கால் உதைப்பது, நெஞ்சளவு தண்ணீரில் நடப்பது, ஓடுவது எல்லாமே நல்ல பயிற்சிதான். இடுப்பில் பெல்ட் கட்டி, எலாஸ்டிக் கயிற்றை ஏணியில் மாட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே நீந்தும் கருவியும் விற்கிறார்கள். மாட்டும் ஏணி ஆடாமல் உறுதியாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். அப்பார்ட்மென்ட் குளங்களில் பெரும்பாலும் லைஃப் கார்டு இருக்க மாட்டார். அதனால் தனியாக இறங்கவே கூடாது.

பக்கத்தில்தானே கடல், அங்கே நீந்தினால் என்ன?

சென்னைக்கு வெளியே இருந்து வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பதில்: மெரினா, பெசன்ட் நகர் பக்கம் வேண்டவே வேண்டாம். கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம் இங்கே வலுவானது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் அது இருக்கும் என்பது கூடுதல் ஆபத்து. குளத்தில் 50 லேப் அடிப்பவர்களாலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. ஒருவேளை மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும்.

கடலில் நீந்திச் சாதித்த சென்னைக்காரர் இருக்கிறாரே என்று கேட்கலாம். உண்மைதான். குற்றாலீஸ்வரன் 1994-ல், 12 வயதில், பாக் நீரிணையைக் கடந்தார். அதற்குப் பின்னால் குளத்தில் வருடக்கணக்கில் பயிற்சி, கூடவே வரும் படகு, கோச், மருத்துவக் குழு எல்லாம் இருந்தால்தான் அப்படி ஒரு முயற்சியே சாத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர்களோடு இறங்குவது அந்தக் கணக்கில் வராது.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய 7 விஷயங்கள்

1. அடித்தளம் தெரிகிறதா? கரையில் நின்று பார்த்தால் மிக ஆழமான இடத்தில் தரையும் வடிகால் மூடியும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் ஒருவர் மூழ்கினால் மேலே இருப்பவருக்குத் தெரியாது.

2. வாசனை எப்படி? மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாசனை’ வந்தால் சுத்தமான குளம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. வியர்வை, சிறுநீரோடு குளோரின் சேரும்போது உருவாகும் குளோரமைன்தான் அந்த நெடி. நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் லேசான வாசனைதான் இருக்கும்.

3. டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா? தண்ணீரில் குளோரின் அளவு குறைந்தது 1 பிபிஎம் இருக்க வேண்டும். பிஎச் 7-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும். நல்ல இடங்களில் தினமும் அளந்து போர்டில் எழுதுவார்கள். எழுதவில்லை என்றால் கேளுங்கள்.

4. லைஃப் கார்டு யார்? கோச்தான் லைஃப் கார்டு என்று சொன்னால் உஷார். பத்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே குளம் முழுக்கக் கண்காணிக்க ஒருவரால் முடியாது.

5. லேன் கயிறு போடுவார்களா? ஒரு ஓரத்தில் ஒரே ஒரு லேன் பிரித்துத் தந்தாலும் போதும், லேப்ஸ் அடித்துவிடலாம்.

6. குளிக்கும் இடம், உடை மாற்றும் அறை, பொருள் வைக்க லாக்கர். குறிப்பாக, குளத்தில் இறங்கும் முன் எல்லோரையும் ஷவரில் நனைந்துவிட்டு வரச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். அந்த ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடிக்கும் இடம் மற்றதையும் ஒழுங்காகச் செய்யும்.

7. விடுமுறை நாள், பேட்ச் நேரம், பணம் திரும்பத் தருவார்களா? மழைக்காலத்தில் எத்தனை நாள் மூடுவார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டம்

பல குளங்களில் பெண்களுக்குத் தனி பேட்ச் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால், அது எந்த நேரம் என்று பாருங்கள். காலை பத்து மணிக்கோ, மதியம் மூன்று மணிக்கோ வைத்தால் வேலைக்குப் போகும் பெண்கள் எப்படி வருவார்கள்? ஆறு மணி பேட்ச் பொது, ஏழு மணி பேட்ச் கோச்சிங் என்றால் மிச்சமிருப்பது வார இறுதி மட்டும்தான். நான்கைந்து பேர் சேர்ந்து போய்க் கேட்டால் அகாடமிகள் நேரத்தை மாற்றித் தர வாய்ப்பு இருக்கிறது. அவர்களுக்கும் பேட்ச் நிரம்ப வேண்டுமே.

உடை பற்றிய தயக்கமும் பலருக்கு உண்டு. முழங்கால் வரை, கணுக்கால் வரை நீளும் முழுக்கை ஸ்விம் சூட்டுகள் இப்போது எல்லா அளவிலும் கிடைக்கின்றன. நைலான் அல்லது பாலியஸ்டர் கலந்த துணியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காட்டன் சுடிதார், டி-ஷர்ட்டை அனுமதிக்க மாட்டார்கள். காரணம், காட்டன் தண்ணீரை உறிஞ்சிக் கனமாகி ஆளைக் கீழே இழுக்கும், நூலும் உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும். மாதவிடாய் நாட்களில் நீந்தலாமா என்றால், டாம்பன் அல்லது மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்துபவர்கள் தாராளமாக நீந்தலாம். பேட் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் சரிவராது.

எப்படி ஆரம்பிப்பது?

நீச்சலே தெரியாது என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிராமத்தில் காய்ந்த சுரைக்குடுக்கையையோ பழைய லாரி டியூபையோ கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்ட மாமாக்கள் நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. 30, 40 வயதில் கற்றுக்கொள்கிறவர்கள் இன்று எல்லாக் குளங்களிலும் இருக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் சேர வேண்டாம். சம்மர் கேம்ப் கூட்டத்தில் பெரியவர்களைக் கவனிக்க ஆள் இருக்காது. ஜூலைக்குப் பிறகு கூட்டம் குறையும், கோச்சும் நேரம் ஒதுக்குவார்.

நீந்தத் தெரியும், ஆனால் இரண்டு லெங்த்திலேயே நாக்கு தள்ளுகிறது என்பவர்களுக்கு: பிரச்சினை பெரும்பாலும் ஸ்டாமினா கிடையாது, மூச்சுதான். தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்து, தலையைத் தூக்கியதும் விடவும் இழுக்கவும் முயல்வோம். இரண்டுக்கும் நேரம் போதாது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு, வாய் வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலையைத் திருப்பும்போது இழுப்பது மட்டும்தான் வேலை.

முதல் இரண்டு வாரம்: 25 மீட்டர் நீந்தி, 30 நொடி நின்று, மறுபடி 25. இப்படி எட்டு தடவை. மொத்தம் 200 மீட்டர்தான். மூன்றாவது, நான்காவது வாரம் இதையே பன்னிரண்டு தடவையாக்குங்கள். அடுத்த மாதம் 50 மீட்டராக நீட்டி எட்டு தடவை. வாரத்துக்கு மூன்று நாள் விடாமல் போனால், சில மாதங்களில் இடைவெளி விட்டு விட்டு ஒரு கிலோமீட்டர் என்பது எட்டக்கூடிய இலக்குதான். தோள் வலித்தால் நிறுத்துங்கள். இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தேவையான சாமான் குறைவு: ஸ்விம் சூட், தொப்பி, கண்ணாடி. கண்ணாடியில் கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீர் உள்ளே போகும் கண்ணாடிதான் பலரை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்புகிறது. பவர் போட்ட ஸ்விம்மிங் கண்ணாடியும் கிடைக்கிறது.

குளத்துக்குள் சில மரியாதைகள்

ஒரே லேனில் இரண்டுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் வட்டமாக நீந்துவதுதான் முறை: போகும்போதும் வரும்போதும் உங்கள் வலது பக்கத்தை ஒட்டி. சாலையில் இடது பக்கம் போய்ப் பழகிய நமக்கு முதலில் குழப்பும். பின்னால் வருபவர் காலைத் தொட்டால் ‘வழி விடுங்க’ என்று அர்த்தம். சுவர் வந்ததும் ஓரமாக ஒதுங்கி அவரை முன்னே விடுங்கள். லேனின் குறுக்கே நின்று அரட்டை அடிக்கக் கூடாது. லேன் கயிறு இல்லாத குளம் என்றால் ஓரச் சுவரை ஒட்டிய பாதையைப் பிடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும்.

‘மெட்ராஸ் ஐ’ வந்திருந்தால், வயிற்றுப்போக்கு இருந்தால், ஆறாத புண் இருந்தால் குளத்துக்குப் போகாதீர்கள். அது நமக்காக மட்டுமல்ல, மற்றவர்களுக்காகவும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இடி கேட்டதும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி இறங்கலாம். மே மாத வெயிலில் திறந்தவெளிக் குளத்தின் தண்ணீரே வெதுவெதுப்பாகிவிடும். போட்டிகளுக்கு 25 முதல் 28 டிகிரி வைத்திருப்பார்கள். அதைவிடச் சூடான தண்ணீரில் வேகமாக நீந்தினால் வியர்ப்பது தெரியாமலே உடல் வறண்டுபோகும். கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் கட்டாயம்.

இது ஃபிட்னஸ் விஷயம் மட்டும்தானா?

நங்கநல்லூர்க்காரர்கள் 2023 ஏப்ரல் 5-ஐ மறந்திருக்க மாட்டார்கள். பங்குனி உத்திரத் தீர்த்தவாரிக்காக நங்கநல்லூர் தர்மலிங்கேஸ்வரர் கோயில் உற்சவம் மூவரசம்பட்டு குளத்துக்குப் போனது. சுவாமிக்குக் கைங்கர்யம் செய்யத் தண்ணீரில் இறங்கிய 5 இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். ஏரியாவே அன்று உறைந்துபோனது.

இந்தியாவில் ஆண்டுதோறும் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்கின்றன தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள். 2021-ல் ஐ.நா. சபை, ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான நாளாக அறிவித்தது. ஏரி, குளம், கிணறு, கடல், போதாக்குறைக்கு மழைக்காலத்தில் சாலையே ஆறாக மாறும் ஒரு நகரத்தில், நீச்சல் என்பது ஹாபி லிஸ்ட்டில் மட்டும் இருக்க வேண்டிய விஷயமா?

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது: ஒருவர் மூழ்குவதைப் பார்த்தால், பயிற்சி இல்லாமல் பின்னாலேயே குதிக்கக் கூடாது. தவிக்கிறவர் கையில் கிடைத்தவரைப் பிடித்து அழுத்திவிடுவார். வேட்டி, துப்பட்டா, கயிறு, நீளமான கம்பு என எதையாவது நீட்டுங்கள். காலி தண்ணீர் கேனை மூடி போட்டு வீசுங்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள், 108-க்கு போன் செய்யுங்கள்.

சிங்கப்பூரில் எப்படி?

நம்மைப் போலவே வருடம் முழுக்க வெயிலும் புழுக்கமும் உள்ள தீவு. அங்கே 1931-ல் மவுன்ட் எமிலி என்ற இடத்தில், பழைய நீர்த்தேக்கம் ஒன்றை மாற்றி முதல் பொது நீச்சல் குளத்தைத் திறந்தார்கள். பிறகு அரசுக் குடியிருப்புகள் கட்டப்பட்ட நகரியங்களில் நூலகம், சந்தை மாதிரி நீச்சல் வளாகமும் வந்தது. இன்று குடிமக்கள் ஒன்றிரண்டு டாலர் கட்டணத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே நீந்திவிட்டு வருகிறார்கள். 2010 முதல் ‘ஸ்விம் சேஃபர்’ என்ற திட்டத்தில் பிள்ளைகளுக்கு நீச்சலோடு தண்ணீரில் தப்பிப்பதையும் சொல்லித் தருகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் பலர் நீச்சல் கற்றதே அங்கேதான்.

சென்னையையும் பார்ப்போம். 2011-ல் ஆலந்தூர் நகராட்சியோடு நங்கநல்லூரும் மாநகராட்சியில் சேர்ந்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது. ஆனால், மாநகராட்சிக் குளம் என்றதும் நினைவுக்கு வரும் மெரினாவும் பெரியமேடும் பழைய எல்லைக்குள்தான் இருக்கின்றன. வரி கட்டும் இடம் விரிந்த அளவுக்கு நீந்தும் இடம் விரியவில்லை.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் 50 மீட்டர் குளம் கட்டுவது செலவான காரியம், தண்ணீரும் வேண்டும். நியாயமான வாதம். ஆனால் 25 மீட்டரில், நான்கு லேனோடு, ஆழம் குறைவாக ஒரு குளம் போதுமே. ஏற்கெனவே இருக்கும் பள்ளி, கல்லூரிக் குளங்களைக் காலை ஆறு முதல் எட்டு வரை பொதுமக்களுக்கு நியாயமான கட்டணத்தில் திறக்க ஏற்பாடு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அடுத்த முறை வார்டு கவுன்சிலர் தெருவுக்கு வரும்போது, சாக்கடை, தெருவிளக்கோடு இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம்.

அதுவரைக்கும்? இந்த வாரமே ஒரு நாள், காலை முதல் பேட்ச் நேரத்தில், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குளங்களுக்கு நேரில் போய்ப் பாருங்கள். மேலே சொன்ன ஏழு கேள்விகளையும் கேளுங்கள். முழு வருடத்துக்குப் பணம் கட்டாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். நாலு வாரம் தொடர்ந்து போக முடிகிற குளம் எதுவோ, அதுதான் உங்களுக்கான குளம்.